நாலு யானை, ஒன்பது குதிரை

தளபதி யானையின் தும்பிக்கை ஏற்கெனவே இரண்டு முறை உடைந்து ஒட்டப்பட்டது. மூன்றாம் முறை உடைந்ததற்கு நான்தான் காரணம். தோற்ற கடுப்பில் அதை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். வைத்தேன் என்பதைவிடப் போட்டேன் என்பதுதான் நியாயம். மூடியில் இடித்து 'டிக்' என்றது. எதிரே உட்கார்ந்திருந்த என் மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, தரையில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடந்த துண்டைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"சூப்பர் க்ளூ இருக்கா மாமா?"

மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு இது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, என் சோழப் படையை அவனுடைய மங்கோலியர்கள் துடைத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்துக்கு ஒன்று. நான் எடுத்த அந்த ஒன்றுகூடத் திறமையால் வந்ததில்லை. அவன் குதிரை ஒன்று என் வில்லாளிகளின் எல்லைக்குள் தெரியாமல் வந்து நின்றது, எனக்கு ஆறு விழுந்தது, அவனுக்குத் தாயம் விழுந்தது. அவ்வளவுதான்.

இரண்டு பேருமே வரலாற்றுப் பைத்தியங்கள். 1050 வாக்கில் இருந்த சோழர் படையும் 1250 வாக்கில் இருந்த மங்கோலியர் படையும் சந்தித்ததே இல்லை, சந்தித்திருக்கவும் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் இருநூறு வருடம், ஒரு இமயமலை. ஆனாலும் எட்டு மாதமாக நான் சோழர்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன், அவன் மங்கோலியர்களுக்குத் தீட்டிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்தன. வேறு என்ன செய்வது?

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மேசைமேல் ஒரு நிலப்பரப்பு, அதன்மேல் சின்ன உலோக வீரர்கள், கையில் பகடை, பக்கத்தில் அளவுகோல். சதுரங்கம் மாதிரி கட்டங்கள் கிடையாது. படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுகோல் சொல்லும், மோதலில் யார் பிழைப்பது என்பதைப் பகடை சொல்லும். இதன் பரம்பரை கொஞ்சம் பெரியது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி 1824இல் தன் 'கிரீக்ஸ்ஷ்பீல்' ஆட்டத்தைத் தலைமைத் தளபதியிடம் காட்ட, அது அதிகாரிகளுக்கான பயிற்சியாகவே ஆகிவிட்டது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் இதைத் தரையில் மண்டியிட்டு ஆடும் விளையாட்டாக்கினார். அவர் ஆட்டத்தில் பகடைக்குப் பதில் பொம்மைப் பீரங்கி. மரக்குச்சி பாய்ந்து எந்தப் பொம்மை விழுந்ததோ அது செத்தது. எனக்கு அந்த முறைமேல் ஒரு பொறாமை உண்டு. பகடையைத் திட்டுவதைவிடக் குறி தவறியதற்கு என்னையே திட்டிக்கொள்வது மேல்.

நாங்கள் ஆடுவது ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் 1990இல் கொண்டுவந்த 'டி பெல்லிஸ் ஆண்டிகுவிடாடிஸ்' விதிகளின் ஒரு வீட்டுப் பதிப்பு. எல்லோரும் டிபிஏ என்பார்கள். நாங்கள் அதில் கைவைத்த இடங்கள் நிறைய, அதனால் இனி நான் சொல்லும் எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். எலும்புக்கூடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆளுக்குப் பன்னிரண்டு படைப்பிரிவு. ஒவ்வொரு பிரிவும் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன அட்டை, அதை 'பேஸ்' என்போம். அதன்மேல் 15 மில்லிமீட்டர் உயர வீரர்கள் இரண்டு பேர், நாலு பேர், அல்லது ஒரே ஒரு யானை. களம் இரண்டடிக்கு இரண்டடி. நாலு பேஸ் இழந்தால் தோல்வி. தளபதி செத்தாலும் தோல்வி.

ஆளுக்குப் பன்னிரண்டு என்றதும் சமமான ஆட்டம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

இந்த விதிகள் கிமு 3000இலிருந்து கிபி 1500 வரை எல்லாப் படைகளுக்கும் பொருந்துபவை. விதி தடுக்காது என்பதால், திண்மரச் சக்கரம் வைத்த வண்டியில் கழுதை இனத்து விலங்குகளைப் பூட்டிக்கொண்டு வரும் சுமேரியனை, தலைமுதல் கால்வரை இரும்பு போர்த்திய இங்கிலாந்து பிரபுவோடு மோதவிடலாம். கிட்டத்தட்ட நாலாயிரம் வருடத் தொழில்நுட்ப வித்தியாசம் அட்டவணையில் ஒன்றோ இரண்டோ புள்ளியாகச் சுருங்கிவிடும். இதை ரசிக்காதவர்கள் உண்டு. சமகால எதிரிகளோடுதான் ஆடுவேன், மற்றதெல்லாம் மாறுவேடப் போட்டி என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொருந்தாத இரண்டு படைகள் மோதும்போதுதான் ஒவ்வொன்றும் எதற்காக அப்படி அமைந்தது என்பது எனக்கு உறைக்கிறது.

என் பட்டியல்: நாலு யானை, அதில் ஒன்று தளபதி. வில் மூன்று, வாள் இரண்டு, ஈட்டி எறியும் இலகு காலாள் இரண்டு, குதிரை ஒன்றே ஒன்று. குதிரை ஏன் இத்தனை குறைச்சல் என்று கேட்டால் மார்கோ போலோவைத்தான் காட்டவேண்டும். பாண்டிய நாட்டு அரசர்கள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கடல்வழியே குதிரை வாங்குவதையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போவதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அது சோழர் காலத்துக்குப் பிந்திய செய்திதான், ஆனால் தட்பவெப்பம் ஒன்றுதானே.

யானைக்கு அந்தக் குறை இல்லை. சீன அதிகாரி ஜாவோ ருகுவா 1225 வாக்கில் எழுதிய குறிப்பில், சோழ நாட்டில் அறுபதாயிரம் போர் யானைகள் இருப்பதாகவும், முதுகில் வீடுபோல் ஒன்றைச் சுமப்பதாகவும், உள்ளிருப்பவர்கள் தூரத்தில் அம்பாலும் கிட்டத்தில் ஈட்டியாலும் சண்டை போடுவதாகவும் வருகிறது. வீடு சரி. அறுபதாயிரத்தை நான் நம்பவில்லை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீவனம் என்று வைத்தாலும் ஒன்பதாயிரம் டன் ஆகிறது. படையெடுப்பே வேண்டாம், இரண்டு மாதத்தில் நாட்டைத் தின்றே தீர்த்திருக்கும்.

வண்ணம் தீட்டியதைப் பற்றிப் பேசாமல் மேலே போக மனம் வரவில்லை. யானை சாம்பல் நிறம் என்று நினைத்துச் சாம்பலை எடுத்துப் பூசினால், காய்ந்ததும் உங்கள் முன்னால் நிற்பது ஒரு சிமென்ட் பொம்மை. முதல் யானையை அப்படித்தான் கெடுத்தேன். கறுப்பு ப்ரைமர் அடித்து, அதன்மேல் மண்நிறம் கலந்த சாம்பலைப் பூசி, அது காய்ந்ததும் நீர்த்த கறுப்பு வாஷ் ஓடவிட வேண்டும். தோல் மடிப்புக்குள் அது தானாகப் போய்த் தேங்கும். பிறகு தூரிகையைக் கிட்டத்தட்ட உலரத் துடைத்துவிட்டு, வெளிர்சாம்பலை மடிப்புகளின் மேடுகளில் மட்டும் உரசினால் முதுகெலும்பு எழுந்து வரும். அப்போதும் ஏதோ குறையும். காது ஓரத்திலும் தும்பிக்கை தொடங்கும் இடத்திலும் நம் யானைகளுக்கு நிறம் உதிர்ந்து இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கும் அல்லவா, அதை வைத்த பிறகுதான் அது மூச்சு விட்டது. ஒரு காதுக்கு முக்கால் மணி நேரம். நாலு யானைக்கு எட்டுக் காது.

பேஸ்களின் அடியில் மெல்லிய பேனாவால் படைப்பிரிவுகளின் பெயரையும் எழுதினேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் பெயர்கள்: பெருந்தனத்து ஆனையாட்கள், தெரிந்த கைக்கோளர், வில்லிகள், குதிரைச்சேவகர், வேளைக்காரர். 'தெரிந்த' என்றால் தேர்ந்தெடுத்த என்று பொருள். அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. நான் பார்ப்பேன்.

மச்சினன் பட்டியல் சொல்ல ஒரு வரி போதும்: கனத்த குதிரை மூன்று, இலகு குதிரை ஒன்பது. காலாளே கிடையாது. வண்ணமும் அப்படித்தான். ஒன்பது பேஸையும் வரிசையாக அடுக்கி, ஒரே நிறத்தை ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டே போவான். அவனுக்கு யாரும் தனி ஆள் இல்லை. யோசித்தால் அதுவே மங்கோலியத்தனம்தான்.

களத்தை அமைப்பது என் பொறுப்பு, ஏனென்றால் நான் தற்காப்பவன். இடப்பக்கம் ஒரு பெரிய சதுப்பு வைத்தேன். வலப்பக்கம் காடு. குதிரைக்காரன் சுற்றிவளைப்பான் என்று தெரியும். சதுப்பில் குதிரை தடுமாறும், காட்டில் திணறும், நடுவில் என் யானைகள் மதில்போல் நிற்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது மிக அழகாக இருந்தது.

முதல் சுற்றிலேயே அழகு கலைந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குத்தான் ஆணை கொடுக்க முடியும். ஒட்டி நிற்கும் ஒரு கூட்டத்தை நகர்த்த ஒரு புள்ளி. அதில் யானை இருந்தால் கூடுதலாக ஒரு புள்ளி, ஏனென்றால் அது சொன்ன பேச்சைக் கேட்காது. அவனுக்கு ஆறு விழுந்தது, எனக்கு ஒன்று. அந்த ஒன்றை வைத்து யானையை அசைக்கக்கூட முடியவில்லை. அவனோ ஆறு புள்ளியில் ஆறு இடத்தைத் தொட்டான். என் யானை ஒரு முறைக்கு மூன்று அங்குலம் போகும். அவன் இலகு குதிரை ஐந்து அங்குலம், அதுவும் என் பக்கத்தில் வராதவரை ஒரே சுற்றில் இன்னொரு தடவையும் ஓடலாம்.

அடுத்து அவன் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டே இரண்டு இலகு குதிரைப் பேஸ்களைக் கொண்டுவந்து என் இடக்கோடி யானைகளுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிறுத்தினான். பின்னால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒரு அனாதைத்தனத்தோடு நின்றன.

எனக்குத் தெரியாத தந்திரமில்லை இது. பொய்யாகப் பின்வாங்கி இழுத்துக்கொண்டு போய் வளைப்பது மங்கோலியர்களின் கைவந்த கலை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். 1299இல் டெல்லிக்குப் பக்கத்தில் கிலி என்ற இடத்தில் டெல்லி சுல்தானின் தளபதி ஜாஃபர் கான் ஓடும் மங்கோலியரைத் துரத்திக்கொண்டே போய், படையிலிருந்து துண்டாகி, வளைக்கப்பட்டுச் செத்த கதையைப் போன மாதம்தான் இதே மச்சினனிடம் சொல்லியிருந்தேன். 1260இல் பாலஸ்தீனத்து அய்ன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் இதே வேலையை மங்கோலியருக்கே செய்து காட்டியதையும் சேர்த்து. அவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்தேன்? இரண்டு யானைகளை எடுத்து முன்னால் வைத்தேன்.

காரணம் கணக்குதான். எங்கள் அட்டவணையில் குதிரைக்கு எதிராக யானைக்கு நாலு, இலகு குதிரைக்கு இரண்டு. ஆளுக்கொரு பகடை உருட்டி அதோடு கூட்ட வேண்டும். குதிரை ஜெயிக்க வேண்டுமென்றால் அவன் பகடை என்னுடையதைவிடக் குறைந்தது மூன்று கூடுதலாக விழ வேண்டும். முப்பத்தாறில் ஆறு சேர்க்கைதான் அப்படி; ஆறில் ஒரு வாய்ப்பு. இந்தப் பந்தயத்தை யார் விடுவார்கள்? ஜெயித்தேன். இரண்டு குதிரைகளும் ஓடின. ஜெயித்த யானை ஒரு பேஸ் நீளம் துரத்தியாக வேண்டும் என்பது நாங்களே சேர்த்த விதி, அதனால் முன்னேறின. அடுத்த சுற்றில் எனக்கு நாலு புள்ளி விழுந்தது. திரும்பி வரிசைக்கு வந்திருக்கலாம். மறுபடி இரண்டு குதிரைகள், கொஞ்சம் இடப்பக்கமாக, மறுபடி கை நீட்டும் தூரத்தில். மறுபடி ஜெயித்தேன்.

துரத்திய கடைசி ஒரு பேஸ் நீளத்தில் இடக்கோடி யானையின் முன்கால் சதுப்புக்குள் போயிருந்தது. நான் வைத்த சதுப்பு.

மச்சினன் அளவுகோலை எடுத்தான். ஓடிப்போனவை திரும்பி வந்தன. ஒன்று எதிரே, இடமும் வலமும் ஒவ்வொன்று. ஒவ்வொரு பக்கத்து நெருக்கலுக்கும் எனக்கு ஒரு புள்ளி கழிவு, ஆக இரண்டு. சதுப்புக்கு இன்னொரு இரண்டு. நாலில் நாலு போக என் யானையின் பலம் பூஜ்யம். அவன் குதிரைக்கு அதே இரண்டு. முன்பு முப்பத்தாறில் ஆறாக இருந்தது இப்போது இருபத்தாறு. எனக்கு மூன்று விழுந்தது, அவனுக்கு இரண்டு. மூன்றுக்கு நாலு. ஒரே ஒரு புள்ளி. இலகு குதிரையிடம் தோற்ற யானைக்குப் பின்வாங்கும் சலுகை கிடையாது. பாகன் அடிபட்டு, மதம் பிடித்து, களத்தை விட்டே போய்விட்டதாகக் கணக்கு.

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. நான் ஜெயித்தால் அவன் ஓடுவான், அவன் ஜெயித்தால் நான் சாவேன். ஆறில் ஒரு வாய்ப்பு என்று நான் போட்ட கணக்கில் தப்பில்லை. ஓடுவதற்கு அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து தோற்றுப் போகலாம். நான் ஒரு முறை தோற்றால் போதும். சேற்றில் கால் புதைந்துவிட்டால் வேல்வீரர்களுக்கே அஞ்சாத களிற்றை நரி கொன்றுவிடும் என்கிறது இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள். அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன், சேற்றையும் நானே கொண்டுவந்து வைத்தேன்.

மீதி வேகமாக முடிந்தது. இரண்டாவது யானையின் விலா திறந்து கிடந்தது, அதுவும் போயிற்று. மூன்றாவது பின்வாங்கிய வேகத்தில் பின்னால் நின்ற தெரிந்த கைக்கோளரை மிதித்துக் கொன்றது. யானை பின்வாங்கினால் பின்னால் நிற்பவன் கதி அதோகதிதான், அதுவும் எங்கள் விதி. அதற்குள் வலப்பக்கம் காட்டைச் சுற்றிக்கொண்டு வந்த நாலு குதிரைகள் ஒரு வில்லாளிப் பேஸை முதுகுப்பக்கம் பிடித்தன. அதே சுற்றில் தளபதி யானை. ஆயிரம் யானையை வென்றவனுக்குப் பரணி பாடுவார்கள். மச்சினனுக்கு மூன்று யானைக்கே வாயெல்லாம் பல்.

அவனுடைய தளபதி ஆட்டம் முழுக்க என்னிடமிருந்து ஓரடி தூரத்துக்குள் வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "ஒளிஞ்சுக்கிட்டிருந்தா எப்படிடா?" என்று கேட்டேன். மங்கோலியத் தலைவர்கள் நேரடியாகச் சண்டையில் இறங்குவதில்லை, தள்ளி நின்று படையை நடத்துவார்கள் என்று 1240களில் அங்கே தூது போன கார்பினி பாதிரியார் எழுதியிருக்கிறார் என்றான். இந்தத் தகவலையும் நான்தான் ஒரு காலத்தில் அவனுக்குச் சொல்லியிருப்பேன் என்று சந்தேகம்.

தும்பிக்கையை ஒட்டக் காயவைத்துவிட்டு வாதத்தில் இறங்கினேன். குதிரைக்கு யானையென்றால் ஆகாது, பழக்கமில்லாத குதிரை யானை வாசனைக்கே மிரளும், எங்கள் விதியில் கனத்த குதிரைக்கு அந்த பயம் இருக்கிறது, இலகு குதிரைக்கு மட்டும் இல்லை, இது அநியாயம் என்றேன்.

"மாமா, 1277 மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பர்மாவின் பாகன் அரசுப் படையும் மங்கோலியர்களும் எல்லையில் மோதிய வருடம். யானைப் படையும் மங்கோலியக் குதிரையும் நிஜமாகவே நேருக்கு நேர் நின்ற சண்டை. மார்கோ போலோ கணக்கில் ஒரு பக்கம் இரண்டாயிரம் யானை, அறுபதாயிரம் ஆள். மறுபக்கம் பன்னிரண்டாயிரம் குதிரை வீரர்கள். எண்களை விடுங்கள். அவர் சொல்லும் காட்சி முக்கியம். குதிரைகள் யானைகளைப் பார்த்து மிரண்டு முன்னேற மறுத்தன. வீரர்கள் இறங்கினார்கள். குதிரைகளைக் காட்டு மரங்களில் கட்டினார்கள். தரையில் நின்று யானைகள்மேல் அம்பு மழை பொழிந்தார்கள். யானைகள் திரும்பிக் காட்டுக்குள் ஓடி, முதுகிலிருந்த கோபுரங்களையெல்லாம் மரத்தில் மோதி உடைத்தன.

"பாத்தியா, குதிரை மிரண்டுச்சுல்ல?" என்றேன் நான்.

"யானை தோத்துச்சுல்ல?" என்றான் அவன்.

அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி படுத்தபிறகு அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப ஓடியது. மங்கோலியர்கள் ஜெயித்தது குதிரையால் இல்லையே. குதிரை பலிக்காது என்று தெரிந்த நிமிடமே அதை மரத்தில் கட்டிவிட்டு வேறொரு படையாக மாறினார்கள். சோழர் படைக்கு அப்படி மாற வேண்டிய தேவை எங்கே வந்தது? அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மோதியது யாரோடு? ராஷ்டிரகூடர், சாளுக்கியர், கலிங்கர், ஈழத்தவர். எல்லோரிடமும் யானை இருந்தது. எல்லோரும் களம் குறித்து, எதிரெதிரே அணிவகுத்து நின்றார்கள். யானைக்கு யானை, வாளுக்கு வாள். நம் புறத்திணையில் இதற்குத் தும்பை என்று பெயரே இருக்கிறது. இருவரும் ஒரே பூவைச் சூடிக்கொண்டு ஒரே களத்துக்கு வருவார்கள். என் மச்சினன் தும்பை சூட வரவில்லை. அவன் வெட்சிக்காரன், ஆநிரை கவர வந்தவன் மாதிரி வந்து தொட்டுவிட்டு ஓடுபவன். நான் சண்டைக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அவன் வேறு ஏதோ ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். என் படை பலவீனமானது என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வேறு கேள்விக்கு எழுதி வைத்த விடை.

இன்னொன்றும் உறுத்தியது. தளபதி செத்தால் தோல்வி என்ற விதி.

949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டான். படை சிதறியது. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பெயரே நிலைத்துவிட்டது. விதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1054இல் கொப்பத்தில் இராஜாதிராஜனும் அதேபோல யானை மேலேயே செத்தான். படை கலையத் தொடங்கியது. அப்போது தம்பி இரண்டாம் இராஜேந்திரன் தன் யானையை முன்னால் செலுத்தினான். அதன் நெற்றியிலும் அவன் தொடையிலும் அம்பு தைத்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. சண்டையை ஜெயித்து, அந்தக் களத்திலேயே முடி சூட்டிக்கொண்டான். நூறு வருட இடைவெளியில் அதே படை, அதே மாதிரி மரணம், முடிவு மட்டும் நேர்மாறு. இதற்கு விதியில் இடம் எங்கே?

மறுநாளே மச்சினனைக் கூப்பிட்டேன். தளபதி செத்தால் ஒரு பகடை உருட்டுவோம். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் இன்னொரு யானையில் இருப்பவன் தளபதி. மூன்றும் அதற்குக் கீழும் விழுந்தால் தக்கோலம்.

"எனக்கும் உண்டா?"

"உன் ஆள்தான் சாகவே மாட்டானே. எதுக்கு உனக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றான். தோற்றவனுக்குக் காட்டும் பெருந்தன்மை அது. எரிச்சலாக இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்தில் சதுப்பே வைக்கவில்லை. களத்தின் என் பக்க விளிம்புக்கு முதுகு கொடுத்து, யானைக்கும் யானைக்கும் நடுவே இடைவெளியில் இலகு காலாளைச் செருகி, இரண்டு ஓரத்திலும் வில்லாளிகளை வைத்தேன். நகரவே இல்லை. அவன் குதிரைகளைக் கொண்டுவந்து காட்டினான், பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே நாற்பது நிமிடம். உண்மையைச் சொன்னால் அதைவிடச் சலிப்பான ஆட்டத்தை நான் ஆடியதில்லை. அவனால் என்னை உடைக்க முடியவில்லை, என்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு படைகளும் வெவ்வேறு மேசையில் நின்றதுபோல இருந்தது. கடைசியில் பொறுமை போனது அவனுக்குத்தான். கனத்த குதிரையைக் கொண்டுவந்து யானைமேல் மோதினான். இரண்டு பேஸ் காலி. வில்லாளிகள் இன்னொன்றை எடுத்தார்கள். அவனும் சும்மா இல்லை, ஓரத்தில் இரண்டைத் தின்றிருந்தான்.

அந்த ஆட்டத்தையும் நான் நாலுக்கு மூன்று என்று தோற்றேன். அது நடந்தது பிறகு. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் இருக்கிறது.

தளபதி யானை மறுபடி விழுந்தது. எனக்கு இரண்டு, அவனுக்கு ஆறு. ஒட்டிய தும்பிக்கை கொஞ்சம் கோணிக்கொண்டு நின்ற அந்த யானையை இந்த முறை மச்சினனே களத்திலிருந்து எடுத்தான், இரண்டு விரலால், பேஸைப் பிடித்து. என் பக்கம் மெதுவாக வைத்தான்.

"உருட்டுங்க மாமா."

உருட்டினேன். பகடை அளவுகோலில் இடித்து, ஓரத்தில் நின்ற வேளைக்காரர்மேல் சாய்ந்து, கீழே சரிந்து நின்றது. நாலு.

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.

"இப்ப யாரு ராஜா?" என்றான்.

முதன்முதலில் வண்ணம் தீட்டிக் கெடுத்த யானை, அந்த சிமென்ட் பொம்மை, வலப்பக்கம் இரண்டாவதாக நின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டினேன்.